சீவரத்தினத்தின் பிடரி

மயிலிட்டி மீனவர் சீவரத்தினத்தை 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்துக்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அவருடைய முகம் விழவில்லை, பிடரியே விழுந்தது. முன்னால் நின்று எடுத்தாலும் பிடரி, பக்கத்தில் நின்று எடுத்தாலும் பிடரி. அச்சுவேலியில் ஸ்ரூடியோ வைத்திருந்த றொகான் அவரைச் சுழல்கதிரையில் இருத்தி, நாலு பக்கமும் சுற்றி வந்து, ஒரு றோல் பிலிம் முழுவதையும் முடித்துப் பார்த்தார். முப்பத்தாறு பிடரிகள் கிடைத்தன. எல்லாம் தெளிவாகவே இருந்தன. அடுத்து வந்த கல்யாணச் சோடி அதே கமராவில் பல் தெரிய விழுந்ததால், பழுது கமராவில் இல்லை என்று இருவரும் தேத்தண்ணி குடித்தபடி முடிவு செய்தார்கள். றொகான் நல்ல மனிதர், காசு வாங்கவில்லை.

அந்த ஆனி மாதத்தில்தான் ஊர் முழுவதும் ஷெல்லுக்குப் பயந்து வெளிக்கிட்டது. சீவரத்தினம் படகு எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் மனைவி இராசமலர், அவருக்கும் பின்னால் இருபது குடும்பங்கள். முகம் ஒழுங்காக விழுந்த பழைய அடையாள அட்டை வீட்டில் தகரப்பெட்டிக்குள் கிடந்தது. ஒரு கிழமையில் திரும்பி வருவோம் என்று நினைத்தபடியால் ஒருவரும் அதை எடுக்கவில்லை. பெட்டி போனது, வீடு போனது, ஊர் இருபத்தேழு வருடம் இராணுவத்தின் கம்பிவேலிக்குள் போனது. புதிய அட்டைக்குக் கொடுத்த விண்ணப்பங்கள் எல்லாம் 'பொருத்தமற்ற புகைப்படம்' என்ற சிவப்பு எழுத்தோடு திரும்பி வந்தன. கரவெட்டியில் வாடகை வீட்டில் இருந்த காலம் முழுவதும் சீவரத்தினம் கிராம அலுவலரான விதானையாரின் கடிதம் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டுதான் வெளியே போனார். சென்ரிச் சோதனைகளில் மற்றவர்கள் ஐந்து நிமிடம் நின்றால் அவர் அரை நாள் நின்றார்.

படத்தோடு அட்டை இல்லாவிட்டால் வாக்குப் போட முடியாது என்ற சட்டம் வந்தபோது கரவெட்டியில் அதை முதலில் வரவேற்றவர் இராசமலர்தான். அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. முந்திய தேர்தல் ஒன்றில் புதுச்சேலை உடுத்து, வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்று உள்ளே போனபோது, "உங்கடை வாக்கைப் போட்டாச்சு அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எவளோ வந்து போனதை நினைத்து அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. முகத்தைக் காட்டாமல் போடுகிற வாக்கு களவு என்பது அன்றிலிருந்து அவருடைய கொள்கை. ஊரே அறிந்த ஆளை ஒரு துண்டு அட்டைக்குத் தெரியவில்லை என்றால் பிழை அட்டையிலா ஆளிலா என்பது சீவரத்தினத்தின் கேள்வி. இருபது வருடம் இந்த வழக்கு அவர்கள் வீட்டுக் குசினியில் நடந்தது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தபடியால் தீரவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வெந்தது.

பிறகு துறைமுகத்தை விட்டார்கள், இன்னும் கொஞ்சம் பிறகு அவர்களுடைய காணியையும் விட்டார்கள். பற்றையை வெட்டிப் பார்த்தபோது கிணறு மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினார்கள். மயிலிட்டி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைக் கண்ட அன்று சீவரத்தினம் கடலுக்குப் போகவில்லை. காணியைத் தந்தது யாரோ, துறையைத் திறந்தது யாரோ. தான் மயிலிட்டியான் என்று தானே போய்ச் சொல்லி ஒரு வாக்குப் போட்டால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும் என்று அவர் நினைத்தார். அறுபத்தாறு வயதில் அவருக்கு வேறு பெரிய ஆசை இருக்கவில்லை.

உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், தற்காலிக அடையாள அட்டை கேட்டுப் பிடரிப் படங்களோடு தேர்தல் கந்தோருக்குப் போனார். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த தாரிகா சுற்றுநிருபத்தை இரண்டு தரம் வாசித்தார். இரண்டு காதும் தெரிய வேண்டும், தெரிந்தன. தொப்பி கூடாது; இல்லை. சிரிக்கக் கூடாது, சிரித்ததற்குச் சாட்சியம் இல்லை. முகம் வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடினார். அப்படி எழுதவேண்டி வரும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. தாரிகா முத்திரை குத்திக் கொடுத்தார். வாக்குச்சாவடியில் ஏற்பார்களோ தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

ஏற்காமல் போகக்கூடும் என்பதற்கு இன்னொரு காரணம் இராசமலர். அவர் அந்தச் சாவடியில் சுயேச்சைக் குழு ஒன்றின் முகவர். "அங்கை நான் உங்கடை பெண்சாதி இல்லை," என்று தேர்தலன்று காலை புட்டு வைக்கும்போதே சொல்லிவிட்டார். சீவரத்தினம் ஓம் என்றார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எழுதுநர் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசித்ததும் இராசமலர் எழும்பி ஆட்சேபித்தார். படத்தில் முகம் இல்லை. முகம் இல்லாத படத்தை ஒத்துப் பார்க்க முடியாது. தலைமை அலுவலர் வாகீசன் அட்டையைப் பார்த்தார், சீவரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். சீவரத்தினம் மனைவியைப் பார்க்காமல் வாக்குப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. இராசமலர் அதைக் கண்டார், ஆனால் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததையும் அவர் மறக்கவில்லை. இனி என்ன செய்யலாம் என்று வாகீசன் அவரையே கேட்டார்.

இராசமலர் மேசைக்கு வந்து அட்டையைப் பார்த்தார். "அவரைத் திரும்பி நிக்கச் சொல்லுங்கோ," என்றார்.

சீவரத்தினம் திரும்பி நின்றார். வாகீசன் அட்டையை அவருடைய கழுத்துக்குப் பக்கத்தில் பிடிக்க, இராசமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். உச்சிக்கு இடப்பக்கமாக ஒரு சுழி. வலது காதுக்குப் பின்னால் தூண்டில் கிழித்த தழும்பு. எஞ்சின் அழுத்திப் பதிந்த தோள். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவர் உடனே போய்த் தன் கதிரையில் இருக்கவில்லை.

"ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, பின்னாலை திரும்பிப் பாக்காதை, என்ரை பிடரியைப் பாத்துக்கொண்டு வா எண்டு சொன்னவர். மயிலிட்டியிலயிருந்து கரவெட்டி வரைக்கும் நான் வேறை ஒண்டும் பாக்கேல்லை," என்றார் வாகீசனிடம். "இது அவரின்ரை பிடரிதான். நான் ஆட்சேபத்தைத் திருப்பி எடுக்கிறன்."

மற்றக் கட்சி முகவர்களில் மூன்று பேர் அந்த இருபது குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களும் எழும்பி வந்து பார்த்து, ஓம், உதுக்குப் பின்னாலைதான் நாங்களும் வந்தனாங்கள் என்றார்கள். 'பிடரி ஒத்துப்போகிறது' என்று வாகீசன் குறிப்பேட்டில் எழுதினார். சீவரத்தினத்தின் சின்னிவிரலில் மை பூசினார்கள். அவர் தட்டிக்குப் பின்னால் போய்ப் புள்ளடி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டிக்குள் விட்டார். யாருக்குப் போட்டார் என்று மனைவி உட்பட ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

பின்னேரம் சாவடி மூடும் வரை அவர் வாசலில் காத்திருந்தார். இராசமலர் வெளியே வந்ததும் வழக்கம்போல நாலு அடி முன்னால் நடக்கத் தொடங்கினார். இராசமலர் அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்து நிற்பாட்டினார்.

"இனி முன்னாலை போகாதேங்கோ. ஊர் வந்திட்டுது."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். வாகீசனின் குறிப்பை இணைத்து அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஆவணி மாதத்தில் நிரந்தர அட்டை தபாலில் வந்தது. அதிலும் பிடரிதான், இரண்டு காதும் நன்றாகத் தெரிகின்றன. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் கேட்டால், சீவரத்தினம் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்கிறார்.