அண்ணி நட்ட மூன்றாவது ஆலிவ்

அண்ணியின் முதல் ஆலிவ் கன்று நான்கு மாதத்தில் பட்டுப்போனது. இரண்டாவது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய அன்றே அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா வாசல் பூரா சிமென்ட்தான். தம்பி வேன் நிறுத்திக்கட்டும்."

"போகாது. அதிகம் தண்ணி கேக்காத மரம். வருஷம் பூரா பச்சையா நிக்கும். காத்தடிச்சா இலையோட அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும், பாருங்க" என்றாள் அண்ணி.

தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டு, பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது அந்தக் கையகல மண்தான். அதுவும் சிமென்டாகிவிட்டால் என்ன மிச்சம்?

அந்தத் தம்பிக்கு, அவள் கொழுந்தனுக்கு, மரம் தண்ணீர் கேட்காது என்ற பேச்சே பொறுக்கவில்லை. அவன் குழாய் வேலைக்காரன். தண்ணீர் கேட்காத உயிர் ஒன்று உலகத்தில் உண்டென்று நம்பாதவன். வேண்டாம் வேண்டாம் என்கிற விருந்தாளிக்குத்தானே இரண்டு கரண்டி கூடப் போடுகிறோம்! முதல் கன்று வந்தபோதே, அண்ணி துணி வாங்கப் போன நேரம் பார்த்து, மண்ணுக்கடியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பதித்துவிட்டான். இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஈரம். இரண்டும் செத்ததும் அவன் என்ன நினைத்தான் தெரியுமா? தண்ணீர் போதவில்லை என்று! மூன்றாவதற்கு வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவைத்தான்.

இலை மஞ்சளானது. அண்ணி மண்டியிட்டு ஓர் இலையை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"காஞ்ச இலைன்னா நொறுங்கும் தம்பி. இது ஈரத்துணி மாதிரி துவளுது. மண்ணு வேற நாறுது. நான் ஊத்தி இருபது நாளாச்சே?"

கொழுந்தனும் பக்கத்தில் குந்தினான். "அண்ணி... அடியில ஒரு குழாய் ஓடுது. நான்தான்..."

"முன்ன ரெண்டுக்கும்?"

"அதுக்கும்தான்."

அண்ணி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு எழுந்தாள். "போய் அத மூடிட்டு வா. அப்புறமா திட்டுறேன்."

அவன் திரும்பி வந்தபோது கன்று சாக்கின்மேல் கிடந்தது. அண்ணி கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி. வேரில் பாதி கறுத்துக் கொழகொழத்திருந்தது. மீதி, தொட்டியில் வளர்ந்த பழக்கத்தில் சுற்றிச் சுற்றித் தன்னையே இறுக்கியிருந்தது. விலை உயர்ந்த துணியை வெட்டுமுன் பார்ப்பதுபோல அண்ணி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கை தயங்கவே இல்லை. கறுப்பையெல்லாம் கழித்தாள். சுருண்டதை நறுக்கி விரித்தாள். சரளையும் மண்ணும் கலந்து மேடு கட்டி அதன்மேல் நட்டாள். எத்தனையோ மேஸ்திரிகளிடம் வேலை செய்தவன் அவன். இப்படியொரு கையைப் பார்த்ததில்லை.

அப்புறம் ஐந்து வாரம் கொளுத்தும் வெயில். மண் மேலும் கீழும் காய்ந்த பிறகே அண்ணி ஒரு செம்பு ஊற்றுவாள். அவன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

ஒரு காலையில், சிமென்ட் போட அண்ணன் சொல்லிவைத்த கொத்தனார் வாசலை அளக்க டேப்போடு வந்து நின்றார். அண்ணி ஒரு கிளையைத் தாழ்த்திக் காட்டினாள். மொட்டைக் கணுக்களில் எல்லாம் இரண்டிரண்டாகச் சாம்பல் பச்சைத் துளிர்.

அண்ணன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அப்ப மொத ரெண்டும் ஏன்டி செத்துச்சு?"

"எனக்குக் கைப்பழக்கம் பத்தல" என்றாள் அண்ணி, கொழுந்தன் பக்கம் திரும்பாமலே.

அவன் பாக்கெட்டிலிருந்து கைகளை வெளியே எடுத்தான். "இல்லண்ணே. ரெண்டையும் நான்தான் தண்ணி விட்டு மூழ்கடிச்சேன்."

அண்ணன் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க போங்க மேஸ்திரி" என்றார். "இந்த வீட்டுல இன்னைக்கு அளக்க ஒண்ணுமில்ல."