முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில்

1

ஒரு கடிதத்தை எழுத முடியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கடிதம் திங்கட்கிழமை போயாக வேண்டும். எழுத்தாளன் என்ற நினைப்பெல்லாம் எனக்குக் கிடையாது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் செய்கிற கம்பெனியில், பெட்டிக்குள் போடும் கையேட்டை எழுதுகிறவன். யாரும் வாசிக்காத புத்தகம் எழுதியே பிழைப்பை ஓட்டுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எங்கள் தெருத் தையல்கார அக்காவின் கணவர் மிகவும் நல்லவர், அவர்..."

அடித்துவிட்டேன். நல்லவர் என்றாலே, ஓகோ, சாகப் போகிறார் என்று நீங்கள் உஷாராகிவிடுவீர்கள். ஆமாம், இறந்துவிட்டார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் பழுது. எங்கள் மெஷினை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி வேலை பாக்குற கம்பெனி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்லித்தான் அக்கா வாங்கினார்.

2

நடந்தது இவ்வளவுதான். கணவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று அக்கா இஸ்திரி மேஜையை அவர் கட்டிலை ஒட்டிப் போட்டார். மெஷினும் அங்கேதான். மேலே தகரக் கூரை, வெளியே கொளுத்தும் வெயில், போதாததற்கு இஸ்திரிப் பெட்டிச் சூடு. நாற்பது டிகிரி தாண்டினால் மெஷின் தானாக நின்றுவிடும். அக்கா தைத்த துணியைக் கொடுக்கப் போன அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. அலாரம் அடித்திருக்கிறது, கேட்க ஆளில்லை.

இந்த நாற்பதை அளந்து சொன்னவர் எங்கள் சோதனைப் பிரிவு இன்ஜினியர். 'தெர்மாமீட்டர்' என்றுதான் கூப்பிடுவோம். மெஷின்மேலேயே சிவப்பில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி மல்லுக்கட்டினார். மேனேஜர் மசியவில்லை.

"சிவப்பப் பாத்தா வாங்க வந்தவன் திரும்பிப் போயிடுவான். கையேட்டுல போட்டுக்கலாம்."

கையேட்டில் எச்சரிக்கை முதல் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்புக்குப் போனது.*

(* தானாகப் போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன். யாரும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பப் படம் இருந்தது. எச்சரிக்கை அதன் அழகைக் கெடுத்தது.)

3

முடிவெட்டும் கடையில் இதே பேச்சு.

"மெஷின்னா நிக்கத்தான் செய்யும். மனுசன் நிக்கலையா?"

"கம்பெனிக்காரன் அத்தனை பேரும் பிராடு."

"விஞ்ஞானம் இவ்வளவு வளந்திருக்கு, ஒரு சூட்டக் கூடவா தாங்காது?"

நான் தலையை ஆட்டினேன். "ஆட்டாதீங்க சார், காது போயிடும்" என்றார் முடிவெட்டுகிறவர்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் இதைத் தெர்மாமீட்டரிடம் சொன்னேன். திறந்த டப்பாவை அப்படியே மூடி வைத்தார்.

"தாங்காதுய்யா. எல்லாத்தையும் தாங்குற மெஷின எவனும் செய்ய முடியாது. தீப்பிடிச்சிரக் கூடாதுன்னுதான் நிக்க வச்சேன். அதுல தப்பில்ல. எப்ப நிக்கும்னு அந்தம்மாவுக்குத் தெரியாமப் போச்சு பாரு, அதுதான் தப்பு. ஸ்டிக்கர் இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லியிருக்கணும். போட்டுட்டேனே!"

4

இனி, கம்பெனி சார்பில் அக்காவுக்கு நான் எழுத வேண்டிய அந்தக் கடிதம். "அனுதாபமா எழுதுங்க. ஆனா நம்ம தலையில விழாம எழுதுங்க" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். எழுதிய வரை இது:

"கையேட்டில் தெளிவாகக் குறிப்பிட்டுள்ளபடி, வெப்பம் தரும் பொருள்களின் அருகே கருவியை வைத்தது பயனரின்..."

அதற்கு மேல் ஓடவில்லை. காரணம், சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனது. இஸ்திரி மேஜை வாசலில் வெயிலில் கிடந்தது.

"பெட்டியத் தொடவே கை வரல தம்பி. நான்தான் கொன்னுட்டேனா? நீங்க அங்கதானே இருக்கீங்க, சொல்லுங்க. சூடு பட்டா நின்னுரும்னு புக்குல போட்டிருந்துச்சா?"

"பாத்துச் சொல்றேங்க்கா" என்றேன். பார்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். கோழைப்பயல்.

5

இந்தக் கதைக்கு எழுதிய ஒரு முடிவில் அக்காவின் கணவரைப் பிழைக்க வைத்தேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் மேனேஜர் மேஜைமேல் ராஜினாமாவை வீசினேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். இரண்டாம் பகுதிக்கு அடியில் நட்சத்திரம் போட்ட ஒரு குறிப்பு இருந்ததே, வாசித்தீர்களா? எச்சரிக்கையை இடம் மாற்றியது நான்தான் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறேன். தாண்டி வந்திருந்தால் உங்கள்மேல் கோபமில்லை. தாண்டிவிடுவீர்கள் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். கையேட்டிலும் தெரிந்துதான் வைத்தேன்.

கடிதத்தை மறுபடி தொடங்கியிருக்கிறேன்:

"அக்கா, புத்தகத்தில் போட்டிருந்தது. உங்கள் கண்ணில் படாத இடத்தில் அதை வைத்தது..."

ஒரு சொல்தான் பாக்கி. 'கம்பெனி' என்று போடலாம், 'நான்' என்றும் போடலாம். இரண்டுமே பொய்யில்லை. வாசிக்கப் போவது அக்கா. நீங்களே போடுங்கள்.