மூன்றாவது கம்பி

கோவை கணபதியில் கண்ணையாவின் லேத் பட்டறையைத் தெரியாத பம்புசெட்டுக்காரர் கிடையாது. அவருடைய ஒரே மகள் ஹாரிகா, அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சிக்கு ஆறு எஃகுக் கம்பிகள் வேண்டியிருந்தபோது வேறு யாரிடம் போவாள்?

காற்றில்லாத குழாய்க்குள் அமோனியா மூலக்கூறுகளைக் கற்றையாக ஓட்டி, சிதறாமல் ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. அந்த மூலக்கூறுக்கு மொத்தத்தில் மின்னேற்றம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் நேர், மறுபக்கம் கொஞ்சம் எதிர். சுற்றிலும் ஆறு கம்பிகளை வைத்து, நேரும் எதிருமாக மாற்றி மாற்றிப் பன்னிரண்டாயிரம் வோல்ட் கொடுத்தால், அந்த மூலக்கூறுகளில் ஒரு பகுதி மின்புலம் கடுமையான ஓரத்தை விட்டு நடுவைத் தேடி ஓடும். கம்பிமேல் துளி பிசிறோ அழுக்கோ இருந்தால் தீப்பொறி பாய்ந்துவிடும். அப்புறம் கற்றையாவது மண்ணாவது!

கை ரேகைகூடப் படக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். கண்ணையா மூன்று வாரம் மற்ற வேலையை ஒதுக்கிவைத்தார். கையுறை மாட்டிக்கொண்டு கடைந்து, முகம் தெரிய மெருகேற்றி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிக் கொடுத்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், அன்றைக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதே பேச்சுதானாம்.

ஒன்பதாயிரம் வோல்ட்டிலேயே பொறி பறந்தது. திறந்து பார்த்தால் மூன்றாவது கம்பியில், நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி, குண்டூசித் தலையளவு ஒரு குழி. படித்தவள் அல்லவா, காரணம் சொல்லாமல் இருக்க முடியுமா? நின்ற இடத்திலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“மூணாவது கம்பியில உங்க கையி ஆடிப்போச்சுங்க நைனா.”

வயதாகிவிட்டது கண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பெங்களூரிலிருந்து வேறு கம்பிகள் வந்தன, கற்றை நேராக ஓடியது, ஹாரிகா மறந்தே போனாள். கண்ணையா மறக்கவில்லை. ஒரே அளவை நாலு தடவை பார்த்தார், நுணுக்கமான வேலை வந்தால் திருப்பி அனுப்பினார். இந்த ஆவணியில் லேத்தையே பல்லடத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். மனைவி வெங்கடம்மாள் சண்டை பிடித்ததற்கு, கை போன பிறகு நம்பி வருகிறவர்களை ஏமாற்றக் கூடாது என்றாராம். ஓய்வெடுக்கட்டும், நல்லதுதான் என்று நினைத்தாள் மகள்.

ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்தில் ஜூனியர் பெண் அக்ஷிதா சந்தனக் கிண்ணத்தோடு கம்பிகளை நெருங்க, அதைத் தொடாதே என்று அதட்டினாள் ஹாரிகா. அதட்டிய வாய் அப்படியே நின்றுபோனது.

போன வருஷம் இதே பூஜை. கம்பிகளைப் பொருத்துவதற்கு முந்தைய நாள். பட்டறையில் வளர்ந்த பழக்கத்தில் எதிரே இருந்த கம்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் அவள்தான். சாயங்காலம் துணியால் துடைத்ததோடு சரி.

அலமாரியிலிருந்து பழைய கம்பியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். குழியின் கருகிய ஓரத்தில் சிவப்புத் துணுக்குகள். மற்றபடி அந்தக் கம்பி முழுக்க ஒரு கீறல் இல்லை. இதை அன்றைக்கே பார்த்திருக்கலாம், பாவி.

கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு கணபதிக்கு பஸ் ஏறினாள். வீட்டை ஒட்டிய பட்டறையில் லேத் இருந்த இடத்தில் நாலு போல்ட் துளைகளும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. ஸ்பேனர்களுக்கும் வெர்னியருக்கும் மட்டும் பொட்டு வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் கண்ணையா. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பியை வாங்கி, வெறும் கட்டைவிரலால் குழிவரைக்கும் தடவிப் பார்த்தார்.

“அப்ப என்ற கையி நல்லாத்தான் இருந்துதா கண்ணு?”

“நல்லாத்தான் இருந்துதுங்க நைனா. தப்பு என்ற மேலதானுங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“வெங்கடம்மா, கேட்டியா? கையி நல்லாத்தான் இருந்துதாமா.”

சொல்லிவிட்டு அந்த நாலு துளைகளைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். அவர் அழுது ஹாரிகா பார்த்ததில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள், தைரியம் வரவில்லை.