பதினோரு மணிக்கு மேல் டாக்டர் இல்லை

எல்லாரும் சௌக்கியம்தானே? முட்டி வலி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? இப்போதெல்லாம் மருந்துக் கடையில் போய் “போன மாசம் குடுத்ததையே குடுப்பா” என்றால் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். இது அப்படி இல்லாத காலத்துக் கதை. ஆசிய விளையாட்டு வரப்போகிறது என்று டில்லியைக் குறுக்கும் நெடுக்கும் தோண்டிப் போட்டிருந்த கோடை. லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் ஓர் அரசாங்க டிஸ்பென்சரியில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. உள்ளே செலின், வெளியே டில்லி. பார்மசிஸ்ட் என்று அவள் பேருக்கு எதிரே எழுதியிருந்தாலும், ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு அவள் கம்பவுண்டர் அக்காதான்.

அன்றைக்கு அவள் மாத்திரைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை முக்கோணமாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகி, கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு. அவ்வளவுதான், பஸ்ஸில் நசுங்கினாலும் பிரியாது. ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த மடிப்பு. டில்லியில் மற்ற ஜன்னல்களில் எல்லாம் பழைய பேப்பரைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்குக் கை கேட்காது.

“என்ன செலின் மேடம், நாளைக்கு வர்றீங்கள்ல?” என்று ஜன்னலில் ஒரு முகம் வந்தது. சிவஞானம். வேறொரு டிஸ்பென்சரியில் பார்மசிஸ்ட், மதுரைக்காரர், பார்மசிஸ்டுகள் சங்கத்துச் செயலாளர். சங்கம் மூன்று வருஷமாக ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நடையாய் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த நாள்பட்ட மருந்தைப் புதுச் சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட் தொடர்ந்து கொடுக்கலாம், டாக்டர் இல்லாத வேளையில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரண்டு நாள் மருந்து கொடுக்கலாம் என்று சட்டத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். மனுவைக் கேட்க அரசாங்கம் ஒருவழியாக ஒரு கமிட்டி போட்டிருந்தது. மறுநாள்தான் அதன் கூட்டம்.

“நான் வாயத் தொறக்க மாட்டேன் சார், இப்பமே சொல்லிட்டேன்,” என்றாள் செலின்.

“தொறக்காதீங்க. சும்மா வந்து ஒக்காருங்க, போதும். கல்யாண வீட்டுல எல்லாருமா தாலி கட்டுறாங்க? கும்பல் வேணும்ல.”

செலின் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் சங்கம் எந்தச் சட்டத்தைக் கேட்கிறதோ, அது வராமலே அவள் ஜன்னலில் நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் சாப் நல்ல மனிதர், பஞ்சாபிக்காரர். வீட்டில் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பதினோரு மணி ஆனால் “பேட்டி, ஸம்பால் லேனா” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவார். மகளே, பார்த்துக்கொள் என்று அவர் சொல்வதற்கு அர்த்தம், வருகிறவர்களுக்கு மருந்தைக் கொடு, சீட்டை அடுக்கி வை. திங்கட்கிழமை டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார். எதற்குப் போடுகிறோம் என்று பார்க்கக்கூட மாட்டார். முதல் வருஷம் செலின் கொடுக்காமல்தான் இருந்தாள். சட்டம் சட்டம்தான், டாக்டர் இல்லை, நாளைக்கு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி ஆராயி. பெரம்பலூர்ப் பக்கத்துக்காரி, மேம்பாலம் கட்டுகிற இடத்தில் காரைச் சட்டி தூக்குகிறவள். மகள் செங்கம்மாளுக்கு வலிப்பு. மாத்திரை ஒருநாள் தவறினால் உடம்பு காட்டிவிடும். சீட்டு முடிந்த அன்று ஆராயி வெயிலில் வந்து நின்றாள். டாக்டர் இல்லை. செலின் “நாளைக்கு வாம்மா” என்றாள். மறுநாள் ஆராயி வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அடுப்புப் பக்கத்தில் விழுந்ததில் அந்தப் பெண்ணின் வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. ஆராயி ஒரு வார்த்தை திட்டவில்லை. “டாக்டரு இருக்காராக்கா?” என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து செலின் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

மீட்டிங் விஷயம் டாக்டர் சாப் காதுக்கும் போயிருந்தது. அன்று கிளம்பும்போது ஸ்கூட்டரை அணைத்துவிட்டு ஜன்னலருகே வந்தார்.

“போ பேட்டி, ஜரூர் போ. நல்ல காரியம்,” என்றார் இந்தியில். “ஆனால் அங்கே என் நாற்காலியைப் பற்றிப் பேச்சு வந்துவிடக் கூடாது. எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ். அவளைத் தூக்கி உட்கார வைக்க வேறு யாரும் இல்லை.”

மிரட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று செலினுக்குத் தோன்றியது. மிரட்டுகிறவரை எதிர்த்துக்கொள்ளலாம். கண் கலங்குகிறவரை என்ன செய்வது?

வீட்டில் புருஷன் வில்பிரட் சட்டையைக் கழற்றிவிட்டு ஈரத் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனி மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குவார்ட்டர்ஸ் செலின் பேரில்.

“ஏட்டி, நீ ஒருத்தி வாயத் தொறந்த, குவார்ட்டர்ஸ் போச்சு. பெட்டி படுக்கையத் தூக்கிட்டுப் புசா ரோட்டுல நிக்கணும், பாத்துக்க. அந்தச் சிவஞானத்துக்குச் சங்கம் பெருசு. நமக்குக் கூர பெருசு.”

“பேசாம இருந்தா மட்டும்? என்னைக்காச்சும் ஒருத்தன் வந்து சீட்டையெல்லாம் பாத்தாம்னா?”

“அது வாரப்ப பாத்துக்கிடலாம்.”

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். சட்டம் வந்தால்தான் அவளுக்கு விடிவு. சட்டம் எதற்கு வேண்டும் என்று அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அந்தச் சங்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சொன்ன அடுத்த நிமிஷம் அவள் குற்றவாளி.

மறுநாள் கமிட்டி அறையில் கூலர் லாரி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், வெள்ளைப் புருவம் வைத்த ஓய்வுபெற்ற டாக்டர். இந்தப் பக்கம் பார்மசிஸ்டுகள், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி தேய்த்த சட்டையில். தலைவர் மனுவைப் படித்துவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். உங்கள் டிஸ்பென்சரியில் டாக்டர் இல்லாதபோது மருந்து கொடுத்தது உண்டா?

“நஹி ஸர். கபி நஹி.”

“ஒருபோதும் இல்லை ஸர்.”

“விதிப்படிதான் ஸர்.”

வரிசை முழுக்க அதே பதில். நாங்கள் நம்பத் தகுந்தவர்கள், எங்களுக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்று காட்டத்தான் அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். செலின் முறை வந்தது. “நஹி ஸர்,” என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபமே இல்லாமல் கேட்டார். “டாக்டர் இல்லாமல் போகிறார் என்று யாரும் சொல்லவில்லை. மருந்து இல்லாமல் யாராவது திரும்பிப் போனதாகவும் சொல்லவில்லை. யாரும் விதியை மீறவும் இல்லை. ரொம்ப சந்தோஷம். பிறகு சட்டத்தை எதற்கு மாற்ற வேண்டும்?”

சிவஞானம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ஒரு நோயாளி வந்திருக்காங்க ஸர்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் பின்னால் வந்தது ஆராயி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, துவைத்த சேலை. வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள். போன வாரம் ஜன்னல் வரிசையில் சிவஞானம் இவளிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தது செலினுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆராயி அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். “அக்கா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா!”

தலைவர் இந்தியில் என்னவோ கேட்டார். ஆராயி மிரண்டு சிவஞானத்தைப் பார்த்தாள். “தமிழ்லதான் அவளுக்குச் சுலபம் ஸர், நான் சொல்றேன்,” என்றார் சிவஞானம். தலைவர் கையை உயர்த்தினார். “மனுக் கொடுத்தவரே மொழிபெயர்க்கக் கூடாது. அந்த அம்மா தமிழ்தானே? அவர் சொல்லட்டும்.” அவர் விரல் செலினைக் காட்டியது.

செலின் எழுந்து ஆராயி பக்கத்தில் போய் நின்றாள். ஆராயி மேல் தேங்காய் எண்ணெயும் சிமெண்டும் மணத்தன.

“எம் பொண்ணுக்கு இழுப்பு சாமி,” என்று ஆராயி கும்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். “ஒருவாட்டி மாத்திர கெடைக்காம அடுப்புல விழுந்து கை வெந்துபோச்சு. அதுக்கப்பறம் இந்தக்கா எங்கள ஒருநாளும் இல்லன்னு திருப்புனதில்ல. டாக்டரு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, சீட்டு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அள்ளிக் குடுத்துருவாங்க. இவுங்க மகராசியா இருக்கணும். இவுங்களுக்கு நல்லது செய்யுங்க சாமி.”

சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கூட்டி வந்தது கஷ்டத்தைச் சொல்லச் சொல்லி. ஆராயிக்கு அந்தக் கஷ்டம் முடிந்துபோய் வெகுநாள் ஆயிற்று. நன்றிதான் பாக்கி இருந்தது.

“என்ன சொல்கிறாள்?” என்றார் தலைவர்.

செலின் இந்தியில் சொன்னாள். “டாக்டர் இல்லாததால் மாத்திரை கிடைக்காமல் திரும்பிப் போனாளாம் ஸர். மகள் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தாளாம். கை வெந்துவிட்டதாம்.”

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

தலைவர் முகம் மாறியது. பென்சிலை எடுத்தார். “பார்மசிஸ்ட் மாத்திரை கொடுக்கவில்லையா?”

“கொடுக்க முடியாது ஸர். சட்டம் இல்லை. நாங்கள் கொடுப்பதில்லை.”

பென்சில் ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார். செலினுக்கு அந்த அறையில் எங்கேயோ ஒரு கதவு மெல்லத் திறக்கிற மாதிரி இருந்தது. சட்டம் வந்துவிடலாம். கூரையும் இருக்கும். டாக்டர் சாப் மனைவியைத் தூக்கி உட்கார வைப்பார். ஆராயிக்கு எங்கே புரியப் போகிறது?

எட்டு வருஷமாகப் பீஹார்க்காரர்களோடு கல்லும் மண்ணும் சுமக்கிறவளுக்கு, பேச வராவிட்டாலும் காதில் விழுகிற இந்தி புரியும் என்பது செலினுக்கு மறந்துபோயிற்று.

ஆராயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. மருந்து கொடுக்கவில்லை என்று யாரோ அக்கா மேல் அபாண்டமாகப் பழி போடுகிறார்கள், அக்கா பயந்துபோய் ஒத்துக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“நஹி ஸாப்!” குரல் அறையை நிறைத்தது. “தீதி தியா. ஹமேஷா தியா. கல் பீ தியா.”

அக்கா கொடுத்தாள், எப்போதும் கொடுத்தாள், நேற்றும் கொடுத்தாள். இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தாள். முக்கோணப் பொட்டலம். காரைத் தூசியும் வேர்வையும் படிந்து பழுப்பேறியிருந்தது. ஆனால் மடிப்பு கலையவில்லை.

தலைவர் அதை எடுத்துப் பிரிக்கப் பார்த்தார். இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார். வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை.

ஆராயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது அக்கா மடிப்பு. மத்தவங்களுக்கு வராது,” என்று சொல்லி, பொட்டலத்தை வாங்கிச் செலினின் உள்ளங்கையில் வைத்தாள். “நீங்களே பிரிச்சுக் காட்டுங்கக்கா.”

எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே செருகியிருந்த மூலையின் மேல் செலினின் கட்டைவிரல் நகம் தானாகவே போய் நின்றது.

சீட்டு இல்லாத ஒரு நாளில் உங்களுக்கும் யாரோ ஒருவருடைய கை மருந்து மடித்துக் கொடுத்திருக்கும். அது யார் கை, பிறகு அந்தக் கைக்கு என்ன ஆயிற்று, தெரிந்திருந்தால் எழுதுங்கள்.