கடைசிக் கொடி

யில்வா அன்று காலை சமையலறையில் நின்றபடியே சொல்லிவிட்டாள். உட்கார்ந்து சொல்ல நேரமில்லை. ஒரு கையில் குழந்தை ஓல்லேயின் கஞ்சிக் கிண்ணம், இன்னொரு கையில் மகள் சிக்னேயின் ஒற்றைக் காலுறை.

"இன்னிக்கு நான் ஓடி முடிக்கப்போறேன். கேட்டுக்கோ ரிக்கார்ட். ஆரம்பிக்கப்போறேன்னு சொல்லலை. முடிக்கப்போறேன்."

"தாராளமா முடி. உன்னை யாரு தடுத்தா?" என்றான் அவள் கணவன், காப்பிக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

யாரும் தடுக்கவில்லைதான். அதுதான் அவளுக்கு ஆத்திரம். தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் மறைத்து வைத்த கொடிகளை வரிசையாகத் தேடி ஓடுகிற விளையாட்டு அது. எங்கள் ஸ்மோலாந்துப் பக்கத்தில் இந்தப் பைத்தியம் பிடிக்காத குடும்பம் குறைவு. மற்ற ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நாங்கள் சேற்றில் விழுந்து எழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, நாள் நன்றாகப் போயிற்று என்போம். யில்வா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாவட்டத்தில் பேர் வாங்கியவள். சிக்னே பிறந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட ஓடி முடித்ததில்லை.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கென்று ஓட்டச் சங்கங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. கணவனும் மனைவியும் முன்னும் பின்னுமாக ஓடலாம். முதலில் போனவர் திரும்பி வந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டதும் மற்றவர் கிளம்பவேண்டும். எழுதி வைத்ததைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். நடப்பில், ரிக்கார்ட் முதலில் போவான். போனவன் போனவன்தான். வியர்வையும் சிரிப்புமாக அவன் வந்து சேரும்போது கொடிகளை எடுத்து ஓட்டத்தை மூடும் நேரம் நெருங்கியிருக்கும். அவள் பாதி வழி ஓடித் திரும்பிவிடுவாள், அல்லது ஓடாமலே ஷூவைக் கழற்றிவிடுவாள். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பான். கெட்டவன் இல்லை அவன். கடிகாரத்தோடுதான் அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சங்கக் குடிலுக்குப் பக்கத்துப் புல்வெளியில் அன்றைக்குக் கூட்டம் நன்றாகவே இருந்தது. ரிக்கார்ட் கிளம்பும்போது யில்வா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பன்னெண்டரைக்கு என் முறை. பன்னெண்டேகாலுக்கு நீ இங்க இருக்கணும்."

"பதினொண்ணரைக்கே வந்துடுவேன். சின்னச் சுத்துதானே."

"திசைகாட்டியைப் பாத்து ஓடு. உன் மூக்கை நம்பாதே."

அவன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு ஓடிப்போனான்.

அவள் சிக்னேயைச் சிறுவர் சுற்றுக்குக் கூட்டிப்போனாள். மரத்துக்கு மரம் நாடா கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் நரி, ஆந்தை, முள்ளம்பன்றி என்று படங்கள் தொங்கும். ஐந்து வயசுச் சிக்னே ஒவ்வொரு படத்தையும் நின்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஓல்லே அம்மாவின் முதுகுத் தொட்டிலில் இருந்தபடி அவளுடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சுற்று முடியுமிடத்தில் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்த பெண், சும்மா பேச்சுக்குக் கேட்டாள்:

"உங்கம்மாவும் ஓடுவாங்களா?"

"இல்ல. அப்பா ஓடுவாரு. அம்மா பையைப் பாத்துப்பாங்க," என்றாள் சிக்னே.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. வானம் நீலம், புல் பச்சை என்பதுபோலச் சொன்னாள். அதனால்தான் யில்வாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இந்தப் பெண் பிறப்பதற்கு முன்னால் தான் யாராக இருந்தோம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தால்தானே. அவள் பழச்சாற்றை வாங்கிக் குடித்துவிட்டு, நேராக ஷூவை மாட்டப் போனாள்.

பன்னிரண்டேகால் ஆயிற்று. ரிக்கார்டைக் காணோம். அவனுக்குப் பின்னால் கிளம்பியவர்களெல்லாம் வந்து, வேகவைத்த தொத்திறைச்சியை ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டரையும் ஆயிற்று. தொடக்கக் கோட்டில் இருந்தவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். பிறகு பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கிளம்பறேன்," என்றாள் யில்வா.

"பசங்க?"

"பசங்களும்தான்."

முதுகில் ஓல்லே. கையில் சிக்னே. ஆள்காட்டி விரலில், கொடிக்குக் கொடி இருக்கும் சின்னப் பெட்டியில், வந்து சேர்ந்ததைப் பதியச் செருகுகிற மின்குச்சி. தொடக்கத்தில் அதைச் செருகினாள், கீச்சென்றது. இனி நேரம் ஓடும், யார் பிள்ளை அழுதாலும் நிற்காது.

கொடிகளை எடுத்து வைக்கிற பொறுப்பில் இருந்த போர்யே தன் காலிச் சாக்கை உதறிக்கொண்டே அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். பேத்தி எடுத்த மனிதர். சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். யில்வாவும் கையசைத்தாள்.

முதல் மூன்று கொடிகள் சொன்னால் நம்பமாட்டீர்கள், வெண்ணெய்போலப் போயின. யில்வா வரைபடத்தைப் படித்தாள், சிக்னே மோப்பம் பிடித்தாள். "அதோ, அதோ, ஆரஞ்சு!" என்று முதல் கொடியைக் கண்டவளும் அவள்தான். பெட்டியில் குச்சியைச் செருகும் உரிமை தனக்கே என்று அம்மாவின் விரலைப் பிடித்திழுத்துச் செருகினாள். நான்காவது கொடிக்கு வழியில் சதுப்பு வந்தது. சிக்னேயைத் தூக்கிக்கொண்டு, முதுகில் ஓல்லேயோடு, முழங்கால் ஆழத்தில் நடந்தாள் யில்வா. அந்தப் பருவத்தில் வருகிற ஈக்கள் தலைமுடிக்குள் புகுந்து ஊர்ந்தன. தட்டிவிடக் கை இல்லை. அக்கரையில் நான்காவதையும் எடுத்ததும் சிக்னே ஒரு நீலப் பழப்புதர் நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கால் முடிஞ்சுபோச்சு."

"கால் எங்கடி முடியும்? இன்னும் நாலு கொடி இருக்கு."

"நீ போ. நான் பழம் சாப்பிடறேன்."

ஓல்லே அழ ஆரம்பித்தான். யில்வா அந்த இடத்தில்தான் கொஞ்சம் தளர்ந்தாள். திரும்பிவிடலாமா என்று வந்தது நினைப்பு. வந்ததை மறைப்பானேன்? பாட்டில் பாலை அவன் வாயில் வைத்து, பாறையில் சாய்ந்து, மணி பார்த்தாள். இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். இந்த வேகத்தில் நாளைக்குத்தான் போய்ச் சேரலாம்.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். முழங்கையில் ரத்தம், முகத்தில் சேறு, கையில் தலைகீழாகப் பிடித்த வரைபடம்.

"அப்பா!" என்றாள் சிக்னே, நீல வாயோடு.

ரிக்கார்ட் அவர்களைப் பார்த்து விழித்தான். "நீங்க எப்படி இங்க?"

"நீ எப்படி இங்க? நீ வீட்டுக்கே போயிருக்கணும் இந்நேரம்."

"இந்த வரைபடம் தப்பு. அஞ்சாவது கொடி இந்தக் குன்றோட வடக்குப் பக்கம்னு போட்டிருக்கு. மூணு சுத்து சுத்திட்டேன். பாறை இருக்கு, பள்ளம் இருக்கு, கொடி மட்டும் இல்ல."

யில்வாவுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குன்றுகள், அச்சில் வார்த்த மாதிரி. அவன் முதல் குன்றில் நின்றுகொண்டு இரண்டாவதன் கொடியைத் தேடியிருக்கிறான். பாறை ஒத்துப்போனது, பள்ளம் ஒத்துப்போனது. ஒத்துப்போகாததையெல்லாம் வரைந்தவன் தலையில் கட்டிவிட்டான். காட்டில் ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை செய்கிற தவறு. ரிக்கார்ட் வருஷா வருஷம் செய்வான்.

சொல்லியிருக்கலாம். தொட்டிலைக் கழற்றி அவன் முதுகில் மாட்டினாள்.

"இந்தா உன் பிள்ளை. இந்தா உன் பொண்ணு. அந்த ஓடையைப் பிடிச்சுக்கிட்டே இறங்கு, பாதை வரும். பாதையில இடது பக்கம்."

"சரி, வா, எல்லாருமே சேந்து போயிடலாம். மணியைப் பாரு யில்வா. நீதான் கடைசியா வருவே. எதுக்கு இந்த வீம்பு?"

"கடைசியா வரேன். வந்துட்டுப் போறேன். உனக்கென்ன?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

முதுகில் பாரம் இல்லாமல் ஓடுவது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். ஐந்தாவது கொடி இரண்டாவது குன்றில், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஆறாவதுக்கு வேலியைத் தாண்டிக் குதித்தாள். ஏழாவதில் ஒரு தடவை விழுந்தாள். மூச்சு இரைத்தது, விலா பிடித்தது. சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம். பிள்ளைகள் பத்திரமாக இறங்கியிருப்பார்களா என்றுகூட நினைக்காமல் ஓடினாள். கொஞ்ச தூரம் போய் நினைத்தாள், ஆனால் நிற்கவில்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. சரிவில் இறங்கும்போது எதிரே யாரோ வருவது தெரிந்தது. போர்யே. தோளில் சாக்கு, சாக்கு நிறையக் கொடிகள்.

"யில்வா? நீ இங்க என்ன பண்றே? பசங்க எங்க?"

"அப்பன்கிட்ட. எட்டாவது கொடி எங்க?"

போர்யே சாக்கைக் கண்ணால் காட்டினார்.

"ரெண்டு மணிக்குத்தானே மூடணும்?" அவள் கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னும் கால் மணி நேரம் இருக்கே."

"எல்லாரும் வந்தாச்சும்மா. ரிக்கார்ட் ஒருத்தன்தான் பாக்கி, அவன் எந்த வருஷம் ஒழுங்கா வந்தான்?"

"நான் வரலியே. நான் கிளம்பினதை நீங்க பாத்தீங்க. கையசைச்சீங்க."

"பாத்தேன். பசங்களோட சும்மா காத்து வாங்கப் போறேன்னு நெனச்சேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சாக்குக்குள் கையைவிட்டு, கம்பியோடு அந்தப் பெட்டியை எடுத்து நீட்டினார். "இந்தா, இங்கயே செருகிட்டு ஓடு. ஏழும் நீ எடுத்திருக்கே, எட்டாவதும் எடுத்த கணக்குதான். யாரு பாக்கறா."

விரலை நீட்டினால் போதும். அவ்வளவு அருகில் இருந்தது பெட்டி. நேரமோ பறந்துகொண்டிருந்தது.

"வேண்டாம். எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கேயே திரும்ப வைங்க. நான் வந்து கண்டுபிடிக்கிறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? திரும்பப் போய் அந்த மேட்டுல ஏறணும். என் முட்டியைப் பத்தி உனக்குத் தெரியும்."

"தெரியும். அதான் இப்பவே கிளம்புங்கன்றேன்."

போர்யே அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். யில்வா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துவிட்டால் தேடியதாக ஆகாதே. சுள்ளி முறிகிற சத்தத்துக்குக்கூடக் காதைப் பொத்திக்கொண்டாள். ஈ ஒன்று கழுத்தில் கடித்தது. அசையவில்லை. உள்ளே மட்டும் ஒவ்வொரு நொடியும் குடைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பொத்திய காதையும் மீறி எங்கிருந்தோ குரல் வந்தது. "வச்சாச்சு, இங்க..."

"பேசாதீங்க போர்யே. எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்."

காடு கப்சிப் என்றாயிற்று. யில்வா கண்ணைத் திறந்தாள். வரைபடத்தைத் திருப்பினாள், திசைகாட்டியின் ஊசி நிற்கும்வரை காத்திருந்தாள், ஓடினாள். இரட்டைப் பாறை, அதைத் தாண்டிச் சாய்ந்த மரம், மரத்துக்கு அப்பால் மரக்கரி சுட்ட பழைய குழி. குழிக்குள் கொடி. குழியின் விளிம்பில் போர்யே, அங்கே இல்லாதவர்போல வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் குச்சியைச் செருகினாள். கீச்.

"ஓடு," என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடியே.

முடிவுக் கோட்டில் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியை அணைக்க ஒரு பெண் கையை வைத்துவிட்டாள். "இருங்க!" என்று யில்வா போட்ட சத்தத்தில் கை தானாக விலகியது. கீச்சென்றதும் அவள் புல்லில் அப்படியே மல்லாந்து விழுந்தாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

ரிக்கார்ட் தோளில் ஓல்லேயோடு வந்து நின்றான். அவனுக்கு ஐந்தாவது கொடி இல்லாததால் ஓட்டம் கணக்கில் சேரவில்லை. பலகையில் யில்வாவின் பெயர் கடைசியாக இருந்தது, நேரத்தோடு. அவன் பெயர் பலகையிலேயே இல்லை.

சிக்னே அம்மாவின் வயிற்றில் ஏறி உட்கார்ந்தாள். "நீ ஜெயிச்சியா?"

"இல்லடி. கடைசி."

"அப்ப ஏன் சிரிக்கிறே?"

"முடிச்சுட்டேன்ல."

ரிக்கார்ட் தலையைச் சொறிந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மனைவியை அவன் பார்த்து வெகுநாளாயிற்று. "சரி, அடுத்த வாரம் நீ முதல்ல ஓடிக்கோ. நான் விட்டுத்தரேன்," என்றான்.

யில்வா எழுந்து உட்கார்ந்து ஷூவுக்குள் இருந்த சதுப்புத் தண்ணீரைக் கொட்டினாள்.

"அடுத்த வாரம் முதல்ல ஓட நான் எப்பவோ பேர் கொடுத்துட்டேன் ரிக்கார்ட். காலைல, உன்கிட்டப் பேசறதுக்கு முன்னாடியே."