மூன்று ஊசித் தடங்கள்

தையல் கடையில் பேண்ட்டை உள்பக்கமாகப் புரட்டிப் பார்த்தார் மாஸ்டர். பின்தையலில் இனி பிரித்துவிட நூலளவு துணிகூட மிச்சம் இல்லை.

மணி ஒன்பதரை. பதினொன்றரைக்கு மருத்துவமனையில் எடை பார்க்க வேண்டும்.

காலையில் வீட்டில் இந்தப் பேண்ட்டின் பட்டன் மாட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். ம்ஹூம். “கடையில இஸ்திரி போட்டுக்கறேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நாடா வைத்த பழைய கால்சட்டையோடு ஓடி வந்திருந்தார். ஊருக்கெல்லாம் அளவெடுப்பவர், தன் இடுப்பில் டேப்பைச் சுற்றி எட்டு மாதம் ஆகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் மாஸ்டர் நூற்று இருபத்தெட்டு கிலோ. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்தார்கள். தியேட்டர் வாசலில் நாற்காலி இருந்தும் மனைவி நாலு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாளாம். கண் விழித்ததும் அவள் கையைப் பிடித்து, “இனிமே உன்னை இப்படி நிக்க வைக்க மாட்டேன்” என்றார். எண்பத்தொன்றுக்கு இறங்கினார். தன் பேண்ட்டுகளையெல்லாம் தானே பிடித்துத் தைத்துக்கொண்டார்.

பிடித்துத் தைத்த அதே கைதான் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தும் விட்டது. பேண்ட் இறுகினால்தானே பயம் வரும்? இறுகவே விடவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் போகாமல் டிமிக்கி கொடுத்தாகிவிட்டது. இன்று மனைவியே போன் போட்டு நேரம் வாங்கியிருந்தாள். வெட்டிய வயிறு மறுபடி விரிந்துவிட்டதா, பட்ட பாடெல்லாம் வீணா என்பது இன்று தெரிந்துவிடும்.

“என்ன மாஸ்டர், முகம் சாயம் போன லைனிங் துணி மாதிரி இருக்கு? சாப்டீங்களா?”

கேட்டது காஜா அக்கா. கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பவர். தெருவுக்கே அந்தப் பெயர்தான்.

“நேத்து மத்தியானத்துலேர்ந்து வெறும் தண்ணிதான்க்கா. எடை பாக்கப் போறேன்ல.”

“நல்ல கூத்து! பரீட்சை அன்னிக்கு நகம் வெட்டிக்கிட்டுப் போனா மார்க் கூடுமா?”

மாஸ்டர் சட்டைத் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு நெளிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா மனைவி உள்ளே நுழைய வேண்டும்?

“இன்னும் கிளம்பலையா? பேண்ட்டைக் குடுங்க, நானே தேய்க்கறேன்.”

“வேணாம், நான்...”

அதற்குள் பேண்ட் இஸ்திரி மேஜைக்குப் போய்விட்டது. உள்பக்கம்தான் அவள் முதலில் தேய்ப்பாள். பின்தையலை விரித்தவள் அப்படியே நின்றாள். துணியில் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று வரி ஊசித் துளைகள். தையலைப் பிரித்தாலும் தடம் போகாது. இருபது வருடம் தையல்காரர் மனைவியாக இருப்பவளுக்கு அதைப் படிக்கத் தெரியாதா?

“மூணு தடவை பிரிச்சிருக்கீங்க.”

மாஸ்டர் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து காஜா அக்காவின் குரல்.

“மாஸ்டர், மிஷினுக்கு அடியில பட்டன் டப்பா இருக்கேன்னு திறந்தேன். பட்டன்ல யாரு சர்க்கரை தூவினது?”

டப்பா நிறைய பிஸ்கட்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். பேண்ட்டுல மறைச்ச ஆளு நீங்கதான்” என்ற அக்கா, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டு நகர்ந்தார்.

“உட்காரு” என்றார் மாஸ்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு.

“நின்னே பழகிடுச்சு.”

சுருக்கென்றது.

“எடை ஏறுதுன்னு தெரியும். மிஷின்ல நம்பரைப் பாத்துட்டா உண்மையாயிடுமேன்னு பயம்” என்றார் தலையைத் தூக்காமல். “ஆபரேஷனே வீணாப் போயிருந்தா, உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

அவள் பேண்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். “நாடாக் கால்சட்டையோடயே வாங்க. நாம ஒண்ணும் பொண்ணு பாக்கப் போகல.”

மருத்துவமனை எடை மிஷின் தொண்ணூற்று இரண்டு என்றது. உணவு ஆலோசகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எப்போலேர்ந்து ஏறுது?”

மனைவி பேண்ட்டை எடுத்து மேஜையில் புரட்டி வைத்தாள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

“இது ஸ்கூல் சீருடை ஆர்டர் வந்தப்போ. சாப்பிட நேரமில்ல, டீயில ரெண்டு பிஸ்கட் நனைச்சு ஓட்டினேன். இது, பயந்துக்கிட்டு இங்க வராம இருந்தப்போ. இது...” மூன்றாவது கோட்டில் விரல் நின்றது. “இதுக்குக் காரணமே இல்லம்மா. பழகிடுச்சு.”

“என்கிட்ட வர்றவங்க யாரும் இவ்வளவு ஒழுங்கா டைரி எழுதினதில்ல” என்றார் அந்த அம்மா. திட்டுவார் என்று தோளைக் குறுக்கியிருந்த மாஸ்டர் மெல்ல நிமிர்ந்தார். “டீயில நனைச்ச பிஸ்கட் வயித்துல தங்காது, வழுக்கிட்டுப் போயிடும். நாள் பூரா தின்னாலும் நிறைஞ்ச மாதிரியே இருக்காது. நேத்துலேர்ந்து என்ன சாப்டீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அதுதான் முதல் தப்பு. பட்டினி கிடந்தா பிஸ்கட்தான் கூப்பிடும். மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடணும். முட்டை, பருப்பு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். சாப்பிடும்போது தண்ணி, டீ கிடையாது, அரை மணி கழிச்சுத்தான்.”

“வயிறு விரிஞ்சு போச்சாம்மா?”

“பாக்காம எப்படிச் சொல்றது? இப்போ போனதும் வேகவச்ச முட்டை ரெண்டு, மெதுவா மென்னு சாப்பிடுங்க. வயிறு போதும்னு சொல்ற இடத்துல நிறுத்துங்க. சொல்லவே இல்லன்னா எனக்குப் போன் பண்ணுங்க, டாக்டர்கிட்ட காட்டலாம். எப்படியும் அடுத்த வாரம் வரணும்.”

ஒரு மணிக்குக் கடையில், வெட்டும் மேஜையின் ஓரத்தில் தட்டு. இரண்டு முட்டை. காஜா அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு துண்டு. இருபது தடவை மென்றார். அடுத்த துண்டு. கை தானாக டீ டம்ளரைத் தேடியது. அங்கே எதுவும் இல்லை.

“சீக்கிரம், கஸ்டமர் வந்துடப் போறாங்க” என்றார் அக்கா.

“அவசரப்படுத்தாதீங்கக்கா” என்றாள் மனைவி.

முதல் முட்டை முடிந்தது. வயிறு வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் கால்வாசி. ஊஹூம். அவ்வளவுதானா? இரண்டு வருடம், அந்த நாலு மணி நேரம், எல்லாம் போச்சா? மனைவி கையில் போனை எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு துண்டை மென்று விழுங்கினார். நெஞ்செலும்புக்குக் கீழே மெல்ல ஒரு இறுக்கம். ஆபரேஷன் முடிந்த புதிதில் தினமும் வந்த அதே இறுக்கம். ஒரு சின்ன விக்கல்.

பாதி முட்டையைத் தட்டில் வைத்தார்.

“போதும்.”

“நிஜமாவா? இல்ல, எனக்காகச் சொல்றீங்களா?”

“நிஜமா. இதுக்கு மேல இறங்காது.”

“நாளைக்கு?”

“தெரியல” என்றார் மாஸ்டர். “மறுபடி பேண்ட் இறுகுச்சுன்னா உன்கிட்டதான் முதல்ல சொல்வேன்.”

காஜா அக்கா டப்பாவைக் கவிழ்த்து பிஸ்கட்டையெல்லாம் பொட்டலம் கட்டினார். காலி டப்பாவில் சலசலவென்று பட்டன்களைக் கொட்டி மூடினார். “இனிமே கைவிட்டு வாயில போட்டீங்கன்னா பல்லு போயிடும், சொல்லிட்டேன்.”

மனைவி போனைப் பையில் போட்டாள். ஸ்டூலைக் காலால் இழுத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.