அடக்க ஆராதனைக்கு ஓர் இணைப்பு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. லோகன் நகரில் எங்கள் தெருக் கடைக்காரர் சங்கம் என்னிடம் அரைப் பக்க அறிவிப்பு ஒன்று கேட்டது: இணையத் திருடர்களிடமிருந்து சிறு கடைகளைக் காப்பது எப்படி? போன் பழுது பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. போன அக்டோபர் வரை எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

முதல் வரி எழுதிவிட்டேன். 'யார் இணைப்பு அனுப்பினாலும், அவர் குரலைப் போனில் கேட்காமல் தொடாதீர்கள்.' இரண்டாவது வரி வரவில்லை. சினாலெய் அக்கா என் நினைப்பில் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "சமோவாவின் நீலக் கடலோரம் ஒரு கோயில் மணி..."

(வேண்டாம். நான் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை.)

இரண்டாம் முயற்சி: "அவள் ஓர் அப்பாவி, அதனால்தான்..."

(இதை அக்கா படித்தால் கத்தரிக்கோலோடு வருவாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். என் கடைக்கு அடுத்தது அவளுடைய தையல் கடை. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, சமோவாக் குழந்தைகள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் பாடுவார்கள். அந்த வருடம் நூற்று நாற்பது குழந்தைகளுக்கு அவள்தான் தைக்க வேண்டும். அளவுகள் முழுக்கக் கடையின் முகநூல் பக்கத்தில், தாய்மார்கள் அனுப்பிய செய்திகளில் இருந்தன. நோட்டில் எழுதி வையுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நோட்டு தொலைஞ்சு போவும் தம்பி. இது எங்க போவும்?"

ஞாயிறுக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கும்போது சமோவாவின் சவாயீ தீவில் அவள் அண்ணன் தவீத்தா இறந்துபோனார். அவள் கிளம்பவில்லை.

"நான் போயிட்டா அத்தன புள்ளைங்களும் என்னத்த போட்டுக்கிட்டு நிக்கும்? போன்ல பாத்துக்கறேன்."

இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் பார்க்கின்றன. அடக்க ஆராதனையைப் போனில்கூடப் பார்க்காமல் விட்டால் அது சொந்தங்களுக்குப் பெரிய குறை.

3

இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, ஆக்லாந்தில் இருக்கும் அவள் சித்தி பெயரில் ஓர் இணைப்பு வந்தது. தவீத்தாவின் படம், பெயர், 'குடும்ப ஜெபம், நேரலை'. முகநூல் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தாள். இருபதே நிமிடத்தில் கடைப் பக்கம் அவள் கையை விட்டுப் போனது. அதே இணைப்பு அவள் பெயரில் அறுநூறு வாடிக்கையாளர்களுக்குப் பறந்தது. சித்தியின் கணக்கும் முந்தின நாளே திருடு போயிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

"ஏன் அமுக்குனீங்க?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"எங்கண்ணன் படம் இருந்துச்சு. நான் தைச்ச சட்டையில சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. அத வேணாம்னு தள்ளணுமா?"

ஒரு தாய் கடை வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள். "உங்க பேரு இருந்துச்சேன்னுதானே அமுக்குனேன்? இனிமே உங்க பேர நம்பி ஊசிகூட வாங்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாள் போராடிப் பக்கத்தை மீட்டுக் கொடுத்தேன். இன்னொரு முறை போனால் என்னால் முடியாது என்றேன். அப்போதுதான் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தேன்: குரல் கேட்காமல் தொடாதீர்கள். தன் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வெள்ளி இரவுக்குள் அறுபது குழந்தைகளின் அளவை நோட்டில் ஏற்றியிருந்தாள். எண்பது பாக்கி.

4

இடையில் ஒன்று. இவ்வளவு ஆர்வமாகப் படிக்கிற நீங்கள் யார்? கடை, தெரு, அண்ணன் பெயர் எல்லாம் சொல்லிவிட்டேன். சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள், கேட்டால் இன்னும் சந்தேகப்படுவேன்.

தவீத்தாவின் மகன் இயோனாவையும் ஒரு வரைவில் திருடனாக்கிப் பார்த்தேன். ஊரில் எல்லார் போனையும் சரிசெய்து தருகிறவன், கதைக்கு வசதியான ஆள். பிறகு கிழித்துப் போட்டேன். அந்தக் கணக்கில் இந்தத் தெருவில் நான்தான் முதல் திருடன்.

5

அடக்க நாளான சனிக்கிழமை காலை ஆறே முக்கால். சவாயீயில் ஒன்பதே முக்கால். கடைக் கதவைத் திறக்கும் முன்பே அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். இயோனா பெயரில் ஓர் இணைப்பு. அதே படம், அதே சட்டை, கீழே கடவுச்சொல் கேட்கும் பெட்டி.

"கூப்புட்டீங்களா?"

"ஒம்போது தடவ. அவன்தான் படம் புடிக்கிறான், எப்படி எடுப்பான்? மத்தவங்க கோயிலுக்குள்ள. போன அணைச்சிருப்பாங்க."

(கெட்டிக்கார வாசகர்களுக்கு: என் போனில் திறந்தோம். குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றது. புதுக் கணக்குத் தொடங்கினால் இயோனாதான் உள்ளே விட வேண்டும். பதிவை அப்புறம் பார்க்கலாமே என்பவர்கள், உங்கள் அண்ணனை அப்படிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.)

அங்கே பத்து மணிக்கு, இங்கே ஏழுக்கு, ஆராதனை தொடங்கும்; முதலில் சவப்பெட்டியை மூடுவார்கள். அதற்கப்புறம் முகம் இல்லை.

6

முடிவு ஒன்று: தொடுகிறாள், பாட்டு கேட்கிறது, அண்ணன் முகம் தெரிகிறது. (நான் திருடனாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன்.)

முடிவு இரண்டு: தொடுகிறாள், பக்கம் போகிறது. எண்பது குழந்தைகள்... (சங்கத்துக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: தொடவில்லை. மாலையில் இயோனா கூப்பிடுகிறான். "அத்தை, ஏன் வரல?" (இதைத் தாண்டி எழுத என்னால்...)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால் அறிவாளித்தனமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அன்று தலையாட்ட நேரமில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விதியெல்லாம் வுடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. இது எங்கண்ணன் புள்ளையா, இல்லையா?"

இப்போது அவள் பிடித்திருப்பது உங்கள் கையை. மணி ஆறு ஐம்பத்தெட்டு. சீக்கிரம் சொல்லுங்கள், பெட்டியை மூடப்போகிறார்கள்.